பக்கவாட்டைக் காட்டு

முன்பக்கம் அழகாகத்தான் இருக்கும்.
அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
திரை இன்னும் கொஞ்சம் பளபளக்கும்,
விளிம்பு இன்னும் கொஞ்சம் ஒல்லியாகும்,
ஊதா நிறத்துக்கு ஏதோ ஒரு மலையின் பெயர் வைத்திருப்பார்கள்.

பக்கவாட்டைக் காட்டு.
எத்தனை துளை, எங்கே துளை,
அதைச் சொல்.

நான் எண்ணெய் அளப்பவன்.
மேற்கே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பலோடு
எண்ணெய்ப் படகைச் சேர்த்துக் கட்டும்போது
இரண்டுக்கும் நடுவில் போய் நிற்பவன்.
விற்பவன் கணக்கையும் வாங்குபவன் கணக்கையும்
நம்பாமல் இருப்பதற்கே சம்பளம்.
நாடாவைத் தொட்டியில் இறக்கி
ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று
பார்த்து, படமெடுத்து, பதிந்து வைப்பேன்.

ஆறு வருட டேப்லட்.
நெஞ்சில் ஒரு விரிசல், மூலையில் டீசல் வாசம்.
ஆனால் அதற்கு மூன்று வாசல்:
மின்சாரம் நுழைய ஒன்று,
காது ஒயருக்கு ஒன்று,
நகத்தளவு அட்டைக்கு ஒன்று.
சிக்னல் கோடு ஒன்றுகூட எழாத இரவுகளில்
அந்த அட்டையை உருவி
தலைமை இஞ்சினியர் கையில் வைத்துவிட்டு
ஏணியில் இறங்கியிருக்கிறேன்.
இப்போது, மேகத்தில் ஏற்றிவை என்கிறார்கள்.
மேகம்!
சுமத்ராப் பக்கமிருந்து அது கறுத்து வரும்போது
நான் படகில் இருந்திருக்கிறேன்.
நீ இருந்ததில்லை.

கசிந்த படம் ஒன்று வந்தது.
மரினா சவுத் படகுத்துறையில் ஹபீபுல்லா காட்டினான்.
இரண்டு விரலால் விரித்தால் கட்டம் கட்டமாக உடைகிறது.
அடியில் ஒரு கறுப்புப் புள்ளி.
அட்டை நுழையும் இடம் என்றான் அவன்.
ஒலிபெருக்கி என்றேன் நான்.
தூசி என்றார் லாஞ்சு ஓட்டும் பாக் சமாட்,
தன் சட்டை நுனியால் திரையைத் துடைத்துப் பார்த்து.
புள்ளி போகவில்லை.
கோப்பி ஆறிப்போனது.
பிறை பார்ப்பதே சுலபம் லா, என்றான் ஹபீபுல்லா.

சிம் லிம் ஸ்கொயரில் கியாட் ஹோக் உதட்டைப் பிதுக்குகிறார்:
ஒரு துளைதான் வரும், அடாப்டர் வாங்கிக்கோ.
ஒரு வாசல் நான்காகும். நாற்பத்தெட்டு வெள்ளி.
கையுறை மாட்டிய கையோடு, ஆடுகிற ஏணியில்,
வால் தொங்கும் அந்தப் பெட்டியை
எந்தப் பையில் செருகுவது?
ஏற்கெனவே மூன்று தொலைத்தாயிற்று.
ஒன்று கடலுக்கு,
இரண்டு என் மகளுக்கு.

ஒரே வாசலாம்.
சார்ஜ் ஏறினால் தகவல் இறங்காதாம்.
இந்த ஊரில் வந்து சொல்கிறான்!
ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே நேரத்தில் நடக்காவிட்டால்
இந்தத் தீவுக்கு மதியச் சோறு இல்லை.
அதை விற்க வருகிறவன்
விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரட்டும்.

இத்தனை பேசியும் ஆசை விடவில்லை.
நனைந்த விரலுக்கும் பணியும் திரை.
நண்பகலில் என் முகத்தையே எனக்குக் காட்டாத திரை.
கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி.
கடைசியைக் கியாட் ஹோக்கிடம் சொல்லவில்லை,
சிரிப்பார்.

அறிமுக விழா நம் நேரம் இரவு ஒரு மணிக்கு.
துவாஸுக்கு எதிரே, படகின் சாப்பாட்டு அறையில் நான்.
குழாயில் எண்ணெய் இன்னும் போய்க்கொண்டிருந்தது.
சார்ஜ் ஒயரைச் சாய்த்து
ரப்பர் பேண்ட் போட்டால்தான் பழையதற்கு உயிர்.
மேடைக்காரர் கேமராவைப் பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசினார்.
ஊதாவுக்கு மலைப் பெயரேதான்.
பிறகு, போகிற போக்கில்,
மணிக்கட்டைத் திருப்பினார்.
விளிம்பில் ஒளி ஓடியது,
அடியில் ஏதோ,

ரப்பர் பேண்ட் நழுவியது.

கறுத்த திரையில் என் மூக்கு,
பின்னால் ட்யூப்லைட்.

சர்வேயர், நாலாம் நம்பர் டேங்க்! என்று
மேல்தளத்திலிருந்து குரல்.
பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.
ஹபீபுல்லாவுக்கு அனுப்ப நினைத்ததை
அளவுச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்:
பார்த்தாயா? எத்தனை?
அதன் கீழே, நாடா நனைந்து மேலே வந்ததும்,
ஏழு மீட்டர் பன்னிரண்டு.